சா ஃபில்டருக்கு எல்லைக்கூறு முறை: சிங்குலாரிட்டிகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடுகோடி வாசி

பெங்களூரில் சா ஃபில்டர் (மேற்பரப்பு ஒலியலையை வைத்து அதிர்வெண்ணைப் பிரிக்கும் கருவி), ரெசொனேட்டர் பக்கம் வேலை பார்க்கிற தமிழ்க்காரர்கள் இந்தக் குழுவில் சிலராவது இருப்பீர்கள். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இந்த இழை.

எங்கள் குழுவுக்கு ஒரு எல்லைக்கூறு நிரல் (முழுப் பருமனையும் விட்டு, பரப்பை மட்டும் துண்டாக்கிக் கணக்கிடுவது) கைமாறி வந்திருக்கிறது. இரு பரிமாணம்தான். 128 டிகிரி வெட்டு லித்தியம் நியோபேட், மேலே சீப்புப் பல் மாதிரி அலுமினிய விரல்கள். விரலின் எடையை இப்போதைக்கு விட்டுவிட்டு, மின்பகுதியை மட்டும் பார்க்கிறோம். ஒவ்வொரு விரலின் அகலத்தையும் சம துண்டுகளாக வெட்டி, துண்டுக்குள் மின்னூட்ட அடர்த்தி மாறாது என்று வைத்து, துண்டின் நடுவில் மின்னழுத்தத்தைப் பொருத்துகிறது நிரல்.

இரண்டு தொல்லைகள். ஒன்று, துண்டுகளைக் கூட்டக் கூட்ட கெப்பாசிட்டன்ஸ் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. எங்கேயாவது நிற்கும் என்று பார்த்தால் நிற்பதில்லை. இரண்டாவது, கிரீன் சார்பை (ஓரிடத்து மின்னூட்டம் இன்னோர் இடத்தில் தரும் மின்னழுத்தத்தை) அலையெண் வெளியில் தொகையிட்டு எடுக்கிறோம். தொகையிடும் படியை மாற்றினால் கண்டக்டன்ஸ் (எவ்வளவு ஆற்றல் உள்ளே போகிறது என்பதன் அளவு) வளைவே மாறுகிறது. சில அதிர்வெண்களில் எதிர்மறையாகக்கூடப் போகிறது. முன்பு எழுதியவர் பொருள் எண்களில் கொஞ்சம் இழப்பைச் சேர்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். இழப்பைக் குறைத்தால் மறுபடி பல்லைக் காட்டுகிறது.

மெஷ்ஷை (துண்டுப் பின்னலை) இன்னும் நெருக்கினால் போதும் என்கிறார்கள் அலுவலகத்தில். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை முறையாகச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் அலை

மனசு ஒப்பாதது நியாயம்தான் தம்பி. உங்கள் நிரலில் வெவ்வேறு இடத்தில் பிறக்கிற மூன்று சிங்குலாரிட்டிகள் (சார்பு முடிவிலிக்குப் போகிற அல்லது முறிகிற இடங்கள்) ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்தாக நெருக்கமான மெஷ்ஷைக் கொடுத்தால் எதுவும் குணமாகாது.

முதலாவது கிரீன் சார்புடையது. மின்னூட்டம் இருக்கிற இடத்திலேயே மின்னழுத்தம் கேட்டால், இரு பரிமாணத்தில் தூரத்தின் லாக் மாதிரி அது முடிவிலிக்குப் போகும். மூன்றிலும் சாதுவானது இது. சம துண்டு வைத்தாலும் லாகைக் கையாலேயே தொகையிட்டுவிடலாம். உங்கள் நிரலும் அதைச் செய்திருக்கும்.

இரண்டாவது விரலின் விளிம்பில். தடிமன் இல்லாத கடத்திப் பட்டையின் ஓரத்தை நெருங்கும்போது மின்னூட்ட அடர்த்தி 1/√தூரம் என்று ஏறும். கெப்பாசிட்டன்ஸ் நிற்காமல் ஏறுவது இதனால்தான். தனியாக நிற்கிற ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்னூட்டப் பரவலுக்குச் சரியான விடை நம்மிடம் இருக்கிறது. அகலத்தை 20 சம துண்டாக வெட்டினால், ஓரத் துண்டு ஒன்றில் மட்டும் மொத்த மின்னூட்டத்தில் 14.4 சதவீதம் உட்கார்ந்திருக்கும். நடுத்துண்டில் இருப்பது 3.2 சதவீதம். அந்த 14.4 சதவீதமும் துண்டு முழுக்கச் சமமாகப் பரவவில்லை, வெளி ஓரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. நீங்கள் அதைச் சமமாகப் பரப்பி எழுதுகிறீர்கள். துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாகும், அவ்வளவுதான். இரண்டு இலக்கத் துல்லியத்திலிருந்து நான்குக்குப் போக வேண்டுமென்றால் துண்டுகள் நூறு மடங்காக வேண்டும்.

அதற்குப் பதில், மின்னூட்டத்தை செபிஷேவ் பல்லுறுப்புக் கோவைகளின் கூட்டாக எழுதி, ஒவ்வொன்றையும் அந்த விளிம்பு வர்க்கமூலத்தால் வகுத்து வையுங்கள். விளிம்பின் நடத்தை அடிப்படைச் சார்பிலேயே வந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: இந்த எடையோடு (அந்த வர்க்கமூல வகுத்தலோடு) செபிஷேவை லாகால் தொகையிட்டால் அதே செபிஷேவ்தான் திரும்பி வரும். பூஜ்ஜியமாவது உறுப்புக்கு பை பெருக்கல் லாக் 2, மற்றவற்றுக்கு பையை உறுப்பின் எண்ணால் வகுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி. ஆக விரல் தன்மீதே ஏற்படுத்தும் பங்கின் நிலைமின் பகுதி மூலைவிட்ட அணியாகிவிடுகிறது. எண்முறைத் தொகையீடே தேவையில்லை. கிரீன் சார்பின் லாகும் விளிம்பின் வர்க்கமூலமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. முதல் முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

அலையெண் வெளியில் இதே அடிப்படைச் சார்பு பெசல் சார்பாக மாறும். அதுவும் தயாராகக் கிடைக்கிற விடை.

மூன்றாவதுதான் உங்கள் கண்டக்டன்ஸை ஆட்டுகிறது. அலையெண் அச்சின் மீதே மேற்பரப்பு அலைக்கு ஒரு போல் (pole, சார்பு முடிவிலிக்குப் போகும் புள்ளி) இருக்கிறது. படிகத்தின் உள்ளே இறங்கும் பருமன் அலைகளுக்குக் கிளைப் புள்ளிகள் (சார்பில் வர்க்கமூலம் பூஜ்ஜியமாகும் இடங்கள்) இருக்கின்றன. போதாததற்குப் பூஜ்ஜியத்தில் ஒன்று, முடிவிலியில் மெதுவான வால் ஒன்று. இவற்றைப் பார்க்காமல் சமப் படியில் நடந்தால், படி போலுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். இதை இரவு தனியாக எழுதுகிறேன், இப்போது வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

மெஷ்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2026-லும் இதற்கு எல்லைக்கூறு முறை எதற்கு? விரலையும் அடித்தளத்தையும் சேர்த்து ஃபினிட் எலிமென்ட்டில் (உள்பகுதி முழுவதையும் துண்டாக்கும் முறையில்) போட்டு, அடியில் உறிஞ்சு அடுக்கு வைத்து, ஒரே மாதிரி விரல் கட்டங்களை அடுக்கடுக்காக இணைக்கும் முறையில் ஓட்டினால் முழு ஃபில்டரும் வந்துவிடுகிறது. எந்த வடிவமும் போடலாம், எத்தனை அடுக்கும் போடலாம், கிரீன் சார்பு என்ற பேச்சே கிடையாது. எலக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். சிங்குலாரிட்டி என்று தனியாக உட்கார்ந்து யோசித்த ஞாபகம் எனக்கில்லை.

அல்சூர் அலை

அந்த முறை நல்ல முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சிங்குலாரிட்டி உங்களிடமும் இருக்கிறது சார். விரலின் விளிம்பில் மின்னழுத்தம் √தூரம் மாதிரிதான் போகும், எந்த முறையில் தீர்த்தாலும். சம அளவு மெஷ் போட்டால், எலிமென்ட்டை இரண்டாம் படியாக்கினாலும் நான்காம் படியாக்கினாலும், ஆற்றலில் வரும் பிழை மெஷ் அளவின் முதல் அடுக்கில்தான் குறையும். உயர் படி எலிமென்ட்டுக்குக் கொடுத்த விலை வீண். விளிம்பை நோக்கிப் படிப்படியாகச் சிறுத்துப் போகிற மெஷ் போட்டால்தான் அந்த லாபம் திரும்பக் கிடைக்கும். உங்கள் மென்பொருள் மூலைகளில் தானாக நெருக்கிக் கொடுக்கிறது என்றால், உங்களுக்குப் பதில் அது யோசிக்கிறது.

2 கிகாஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்பது 2 மெகாஹெர்ட்ஸ். பக்கத்துப் பட்டைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை வைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை.

மெஷ்காரன்

சரி, ஆற்றல் பிழையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் மெஷ்ஷைத் திறந்து பார்த்தேன். விளிம்பில் நெருக்கி வைத்திருக்கிறது, காரணம் எங்கும் எழுதப்படவில்லை. இழையைத் தொடருங்கள், படிக்கிறேன்.

ஜாலஹள்ளி பெஞ்சு

அல்சூர் அம்மா சொன்ன விளிம்புக் கதையில் ஒரு கேள்வி எழ வேண்டும், யாரும் கேட்கவில்லை. 1/√தூரம் என்பது தடிமன் இல்லாத பட்டைக்கு. 1 கிகாஹெர்ட்ஸில் 128 டிகிரி வெட்டில் அலை வேகம் நொடிக்கு 3980 மீட்டர் அளவு, ஆகவே அலைநீளம் 4 மைக்ரான், விரல் அகலம் 1 மைக்ரான். மேலே சொன்ன 14.4 சதவீதம் உட்கார்ந்திருக்கும் ஓரத்துண்டு 50 நானோமீட்டர். அலுமினியத்தின் தடிமனோ சாதாரணமாக 200, 300 நானோமீட்டர். தடிமனைவிட மிகச் சின்ன தூரத்தில் பார்க்கும்போது அது பட்டை இல்லை, 90 டிகிரி மூலை. வெற்றிடத்தில் 90 டிகிரி கடத்தி மூலையில் மின்னூட்டம் பாதி அடுக்கில் ஏறாது, மூன்றிலொரு பங்கு அடுக்கில்தான் ஏறும். அப்படியானால் செபிஷேவ் எடை தப்பா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலையில் மூன்று பொருள்கள் சந்திக்கின்றன: 90 டிகிரி உலோகம், 90 டிகிரி காற்று, 180 டிகிரி படிகம். உலோக முகங்களில் மின்னழுத்தம் பூஜ்ஜியம், காற்று–படிக எல்லையில் மின்னழுத்தமும் செங்குத்துப் பாயமும் தொடர வேண்டும். மின்னழுத்தம் தூரத்தின் ஏதோ ஓர் அடுக்காகப் போகிறது என்று வைத்தால், அந்த அடுக்குக்கு ஒரு சின்ன சமன்பாடு கிடைக்கும்: அடுக்கு பெருக்கல் 90 டிகிரி என்ற கோணத்தின் டேஞ்சண்ட்டை வர்க்கப்படுத்தினால், அது 1 கூட்டல் 2 வகுத்தல் படிகத்தின் ஒப்பு மின்காப்பு எண். படிகம் திசைக்குத் திசை மாறினாலும், அரைவெளிக்கு ஒரே பயனுறு எண்ணைப் போட்டால் இது அப்படியே பொருந்தும்.

லித்தியம் நியோபேட்டுக்கு அந்த எண் ஐம்பதைச் சுற்றி. மின்னழுத்த அடுக்கு 0.506 வருகிறது. மின்னூட்டம் தூரத்தின் 0.494 அடுக்கில் ஏறும். பாதிதான் என்றே வைத்துக்கொள்ளலாம். படிகத்தின் உயர்ந்த மின்காப்பு எண், புலத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. பக்கச் சுவரை அது கண்டுகொள்வதே இல்லை. குவார்ட்ஸுக்கு 4.5 என்று போட்டால் 0.558, அதாவது மின்னூட்டம் 0.442 அடுக்கில். அங்கே செபிஷேவ் எடை சரியாகப் பொருந்தாது. கூட இரண்டு மூன்று உறுப்புகள் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். நியோபேட்டுக்கு எழுதிய நிரலை அப்படியே குவார்ட்ஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. விரலின் எடையைச் சேர்க்கும்போது, உலோகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே இயந்திரத் தகைவும் விளிம்பில் ஏறும். அந்த அடுக்கு வேறு. வில்லியம்ஸ் 1952-ல் ஆப்பு வடிவ மூலைகளுக்குப் போட்ட கணக்கிலிருந்து, இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் தகைவு 0.456 அடுக்கில் ஏறும். அலுமினியம் நியோபேட்டைவிட மென்மையானது, ஆகவே அதைவிடவும் சாதுவாகத்தான் ஏறும். தகைவுக்கும் அதே பாதி அடுக்கு எடையைப் போடுவது வழக்கம், ஓடும். ஆனால் மின்னூட்டத்துக்கு எடுத்த உறுப்புகளின் எண்ணிக்கையே தகைவுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம்.

கடுகோடி வாசி

ஐயா, மிக்க நன்றி. அந்த டேஞ்சண்ட் கணக்கைக் கடுகோடியிலிருந்து மெட்ரோவில் வரும்போதே போட்டுப் பார்த்தேன். இந்திராநகர் வருவதற்குள் வந்துவிட்டது. மின்காப்பு எண்ணை 1 என்று வைத்தால் மூன்றில் இரண்டு வருகிறது, நீங்கள் சொன்ன வெற்றிட மூலை அதிலேயே அடங்குகிறது.

ஒரு விரலுக்கு எத்தனை செபிஷேவ் உறுப்பு எடுக்க வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

அல்சூர் அலை

பக்கத்து விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அரை அகலத்தை 1 என்று வைத்து, உங்கள் விரலின் நடுவிலிருந்து பக்கத்து விரலின் கிட்டத்து ஓரம் வரை உள்ள தூரத்தை எடுங்கள். அதோடு, அதன் வர்க்கத்தில் 1 கழித்து மூலம் எடுத்ததைக் கூட்டுங்கள். ஒவ்வோர் உறுப்பு கூடும்போதும் பிழை அந்த மடங்கு குறையும். அகலமும் இடைவெளியும் சமம் என்றால் தூரம் 3, மடங்கு 5.8. ஐந்து உறுப்புக்கு ஆறாயிரத்துக்கு மேல். இடைவெளி அகலத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் தூரம் 1.2, மடங்கு 1.86 தான், அப்போது பத்துப் பன்னிரண்டு உறுப்பு வேண்டும். அப்படி நெருங்கிய இடைவெளியில் பக்கத்து விரலோடு சேர்ந்த தொகையையும் கிட்டத்தட்ட சிங்குலர் என்றே பார்க்க வேண்டும். காஸ்–செபிஷேவ் புள்ளிகளைத் தாராளமாகப் போடுங்கள்.

சரி, பாக்கி வைத்த மூன்றாவதுக்கு வருகிறேன். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

அலையெண் வெளியில் கிரீன் சார்பு என்பது 1 வகுத்தல் (அலையெண் பெருக்கல் பயனுறு மின்காப்பு). இங்கெப்ரிக்ட்சன் 1969-ல் கொடுத்த வடிவம் இது. 1977-ல் மில்சம், ரைலி, ரெட்வுட் மூவரும் இதை வைத்துத்தான் மேற்பரப்பு அலையையும் பருமன் அலையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பயனுறு மின்காப்பு எங்கே பூஜ்ஜியமாகிறதோ அங்கே போல். அலையெண் மிகப் பெரிதாகும்போது அது ஒரு மாறிலிக்கு வந்து நிற்கும். அந்த மாறிலிதான் நிலைமின் பகுதி, லாக் வருவது அதிலிருந்து.

முதலில் அந்த நிலைமின் பகுதியைக் கழியுங்கள். மிச்சம், அலையெண்ணின் மூன்றாம் அடுக்கில் குறையும். வால் சட்டென்று ஒடுங்கிவிடும். ஆனால் வெறும் 1/அலையெண்ணைக் கழித்தால் பூஜ்ஜியத்தில் புதுச் சிக்கல் முளைக்கும். அதனால் அலையெண் வர்க்கத்தோடு ஒரு சின்ன மாறிலியின் வர்க்கத்தைக் கூட்டி, மூலம் எடுத்து, அதன் தலைகீழைக் கழியுங்கள். இதற்கு இடவெளியில் கிடைப்பது பூஜ்ஜிய வரிசை மாற்று பெசல் சார்பு: கிட்டத்தில் லாக், தூரத்தில் தானே மடிந்துவிடும். அதன் லாகை மட்டும் பிரித்து செபிஷேவிடம் கொடுத்துவிடலாம்.

பூஜ்ஜியத்தில் கிரீன் சார்புக்கே உள்ள சிங்குலாரிட்டி இன்னும் பாக்கி. அதற்கு இயற்பியலே விடை வைத்திருக்கிறது: எல்லா விரல்களின் மின்னூட்டமும் கூட்டினால் பூஜ்ஜியம். அணியில் ஒரு வரிசை, ஒரு நிரல் கூட்டி, பொது மின்னழுத்தத்தை இன்னொரு அறியாமாறியாக விட்டு இதைக் கட்டாயமாக்குங்கள். இதைச் செய்யாத நிரலில் குறைந்த அதிர்வெண் பக்கம் எண்கள் உளறும்.

அடுத்தது போல். ரெசிடியூவை (போலின் வலிமையைச் சொல்லும் கெழுவை) கையால் எடுத்து, வெளியே போகும் ஓர் அலையாக எழுதுங்கள். போல் அச்சுக்கு எந்தப் பக்கம் என்பதில் கவனம் வேண்டும். இழப்பு கொஞ்சம் இருந்தால் போல் எந்தப் பக்கம் நகரும் என்று பாருங்கள். அதுதான் சரியான பக்கம். நேரத்தின் குறியை ஒருவர் கூட்டலாகவும் மற்றவர் கழித்தலாகவும் வைத்து எழுதிய இரண்டு நிரல்களை ஒட்டினால், அலை முடிவிலியிலிருந்து உள்ளே வரும். கண்டக்டன்ஸ் எதிர்மறையாவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். வெறும் முதன்மை மதிப்பை எடுத்து அரை ரெசிடியூவை விட்டால் நின்ற அலைதான் கிடைக்கும். மேற்பரப்பு அலையில் ஆற்றலே வெளியேறாது. உங்கள் சமப் படி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஊசலாடுகிறது.

இழப்பைச் சேர்த்து வழவழப்பாக்குவது பற்றி: அதிர்வெண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கு கற்பனைப் பகுதி சேர்த்தால், கியூ (ரெசொனேட்டரின் தரக் காரணி) 500-க்கு மேல் போகவே முடியாது. இன்றைய ரெசொனேட்டர்களின் கியூ ஆயிரத்தைத் தாண்டுகிறது. நீங்கள் அளக்க வந்த எண்ணையே அந்த இழப்பு மூடிவிடுகிறது. இழப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால், தொகையிடும் படி அதைவிடப் பல மடங்கு சிறிதாக வேண்டும். அரிசியில் கல்லைப் பொறுக்கிவிட்டு உலை வைப்பதுதான் சுலபம். சோற்றில் கிடக்கும்போது தேடக்கூடாது.

இதையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவது சாதுவான ஒரு சார்பு. வெறும் அரைவெளிப் படிகம் என்றால் இன்னொரு வசதி: பயனுறு மின்காப்பு மெதுமையை (வேகத்தின் தலைகீழை) மட்டும்தான் சார்ந்தது, அதிர்வெண்ணை அல்ல. ஆகவே மிச்சத்தை அதிர்வெண் பெருக்கல் தூரம் என்ற ஒரே மாறிக்கு அட்டவணை போட்டால் போதும். எல்லா அதிர்வெண்ணுக்கும், எல்லா விரல் ஜோடிக்கும் அதே அட்டவணை.

மெஷ்காரன்

கடைசிப் பத்தியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே அட்டவணை எல்லா அதிர்வெண்ணுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் கிடையாது.

கடுகோடி வாசி

அக்கா, இதெல்லாம் போல் உண்மையான அச்சில் இருக்கும்போது. எங்களுக்கு அடுத்து வரப்போகிறது 42 டிகிரி லித்தியம் டான்டலேட். அங்கே கசியும் அலை, போகிற வழியிலேயே ஆற்றலைப் படிகத்துக்குள் இழப்பது. அதன் போல் எங்கே என்று தேடினால் அச்சில் கிடைப்பதில்லை.

அல்சூர் அலை

கிடைக்காது. அது வேறு ரீமான் தளத்தில் (அதே சார்பின் இன்னொரு கிளையில்), கிளை வெட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அச்சில் நடக்கிற நமக்குக் கூர்மையான ஒரு மேடாக மட்டும் தெரியும். அந்த மேட்டுக்கு ஒட்டினாற்போல் பருமன் அலையின் கிளைப் புள்ளி. இரண்டின் வேகமும் நொடிக்கு 4200 மீட்டரைச் சுற்றித்தான், நடுவே வித்தியாசம் மிகச் சிறிது. அதனால் போலை மட்டும் தனியாகப் பிடுங்கினால், கிளைப் புள்ளியின் பங்கைப் பாதி கிழித்து எடுத்த மாதிரி ஆகும். மிச்சம் முன்பைவிட மோசமாக இருக்கும்.

கிளைப் புள்ளியில் இருப்பது வர்க்கமூலம். அந்தப் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை ஒரு புது மாறியின் வர்க்கமாக எழுதிவிட்டால் மூலம் மறைந்துவிடும், இரண்டு தளங்களும் ஒரே தாளில் விரியும். அப்போது மறைந்திருந்த போல் புது மாறியில் சாதாரணப் போலாகத் தெரியும். அதை அங்கேயே எடுத்துவிடலாம்.

இன்னொரு வழி, தொகையிடும் பாதையை அச்சிலிருந்து தூக்கி, இதையெல்லாம் சுற்றிக்கொண்டு போவது. கிட்டத்து விரல்களுக்கு இது அருமையான வழி, நான்கு வரியில் எழுதிவிடலாம். தூரத்து விரல்களுக்கு வேண்டாம். பாதை எந்தப் பக்கம் வளைகிறதோ அங்கே அடுக்குக்குறிச் சார்பு தூரத்தோடு பெருக ஆரம்பிக்கும். பெரிய எண்களிலிருந்து பெரிய எண்களைக் கழித்து இலக்கங்கள் எல்லாம் போய்விடும். தூரத்துக்குப் போலின் அலையும் கிளைப் புள்ளியின் தூரவடிவமும் போதும்.

யஷ்வந்த்பூர் மாணவி

நான் ஐஐஎஸ்சியில் இப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். விரலின் நீளத்தையும் சேர்த்து மூன்று பரிமாணத்தில் செய்ய வேண்டும், குறுக்கு மோடுகளை (விரலின் நீளவாக்கில் எழும் நின்ற அலைகளை) பார்க்க. அங்கே கிரீன் சார்பு லாக் இல்லை, 1/தூரம். இந்த செபிஷேவ் வித்தை அங்கேயும் நடக்குமா?

ஜாலஹள்ளி பெஞ்சு

பாதி நடக்கும் அம்மா. விரலின் குறுக்கே செபிஷேவும் எடையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் சாதாரணத் துண்டுகள் போதும். 1/தூரம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் புள்ளியை நடுவில் வைத்துத் துருவ ஆயங்களுக்கு மாறினால் பரப்புக் கூறில் வரும் தூரம் அதை அடித்துவிடும். டஃபி 1982-ல் எழுதிய மாற்றமும் இதே வேலையைச் சதுரத் துண்டில் செய்கிறது. படிகம் என்பதால் 1/தூரத்தோடு திசையைச் சார்ந்த ஒரு காரணி ஒட்டிக்கொண்டு வரும்; கோணத் தொகையீட்டில் அதைக் கவனித்தால் சரி.

பாதி நடக்காது என்றது விரல் முனைக்காக. தட்டையான கடத்தியின் 90 டிகிரி முனையில் மின்னூட்டம் ஓரத்தைவிட வேகமாக ஏறும், தூரத்தின் 0.703 அடுக்கில். இதற்கு அழகான மூடிய வடிவம் கிடையாது. முனையருகே நீளத்துண்டுகளைப் படிப்படியாகச் சிறுக்கிக்கொண்டே போவதுதான் நடைமுறை. குறுக்கு மோடு முனை இடைவெளியைப் பொறுத்தது, ஆகவே அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். நேரில் பேசலாம் என்றால் ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கப் பக்கம் வருவேன். தாளும் பேனாவும் கொண்டு வா.

கடுகோடி வாசி

விரல் பகுதியைச் செபிஷேவுக்கு மாற்றி எழுதியாயிற்று. விரலுக்கு ஆறு உறுப்பு. நிலைமின் கெப்பாசிட்டன்ஸ் இப்போது உறுப்பைக் கூட்டினாலும் அசைவதில்லை. அலையெண் பகுதியும் பிரித்து எழுதினேன். செயற்கை இழப்பை முழுக்க எடுத்துவிட்டேன், கண்டக்டன்ஸ் எங்கும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவில்லை. எங்கள் மேலாளரிடம் இரண்டு வளைவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், மெஷ் பேச்சு நின்றுவிட்டது.

விடை சரிதானா என்று சோதிக்க நீங்கள் எதை நம்புவீர்கள்?

ஜாலஹள்ளி பெஞ்சு

முடிவில்லாமல் நீளும் சாதாரணச் சீப்பு, அகலமும் இடைவெளியும் சமம், ஒரு விரல் பிளஸ், அடுத்தது மைனஸ். ஒரு ஜோடிக்கு, விரல் நீளம் ஒரு மீட்டருக்கு, நிலைமின் கெப்பாசிட்டன்ஸ் அந்த முடிவிலி அலையெண் மாறிலிக்கே சமம். ஒரு காரணியும் கூட வராது. இரட்டை விரல் வைத்து, இரண்டு பிளஸ் இரண்டு மைனஸ் என்று போனால் அதைப் போல √2 மடங்கு. இரண்டும் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் ஆற்றல் கணக்கு. உள்ளே கொடுத்த ஆற்றல், இரண்டு பக்கமும் போகும் மேற்பரப்பு அலையின் ஆற்றலும் கீழே போகும் பருமன் அலையின் ஆற்றலும் சேர்ந்ததுக்குச் சமமாக வேண்டும். போலின் ரெசிடியூவில் சின்னப் பிசகு இருந்தாலும் இது காட்டிக் கொடுத்துவிடும்.

மெஷ்காரன்

என் கேள்வி ஒன்று. இப்போது எல்லோரும் சிலிக்கான் மேல் ஆக்சைடு, அதன் மேல் மெல்லிய டான்டலேட் என்று போகிறார்கள். தடிமன் வந்துவிட்டால் அந்த ஒரே அட்டவணை வசதி போய்விடும் அல்லவா? லாகும் மாறுமா?

அல்சூர் அலை

அட்டவணை வசதி போய்விடும். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனி அட்டவணை. படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும் மோடுகள் கூடுதல் போல்களாக வரும், ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து எடுக்க வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் அதிர்வெண்ணோடு மெதுவாகத்தான் மாறும், சில அதிர்வெண்ணில் கணக்கிட்டு நடுவே நிரப்பிக்கொள்ளலாம்.

லாக் மாறாது. மிகக் கிட்டத்தில் விரலுக்குத் தெரிவது டான்டலேட் மட்டும்தான், கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் அந்த "மிகக் கிட்டம்" படலத் தடிமனைவிடச் சிறிதாக வேண்டும். விரல் 1 மைக்ரான், படலம் 0.6 மைக்ரான் என்றால், கழித்த பிறகும் மிச்சத்தில் ஒரு மழுங்கிய கூர்மை இருக்கும். படலத்தின் அடிப்பரப்பில் தெரியும் பிம்ப மின்னூட்டத்தின் வேலை அது. தடிமனைப் போல இரு மடங்கு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. டான்டலேட்டில் இரு திசை மின்காப்பு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் ஆழத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நியோபேட் என்றால் அந்த விகிதத்தின் மூலத்தால் திருத்த வேண்டும். முதல் ஒன்றிரண்டு பிம்பங்களையும் லாகோடு சேர்த்துக் கையால் கழித்துவிட்டு, அதன் பிறகு அட்டவணை போடுங்கள். பிம்பத்தின் பங்கு சிங்குலர் இல்லை, ஆகவே காஸ்–செபிஷேவ் புள்ளிகளே அதற்குப் போதும். படலம் மெலிய மெலியப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும், முன்பு பக்கத்து விரலுக்குச் சொன்ன அதே மாதிரி.

கடுகோடித் தம்பி, 42 டிகிரி வெட்டை எடுக்கும்போது வெறும் அரைவெளியில் முதலில் ஓட்டிவிட்டு, பிறகு படலத்துக்கு வாருங்கள். அரைவெளி வளைவு வந்ததும் இங்கேயே போடுங்கள், கிளைப் புள்ளிக்குப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.